ஊர்க் குப்பை வயலுக்கு வரலாமா?

(வானொலி உரை)



‘குப்பை உயரும், கோபுரம் தாழும்’ என்று ஒரு பழமொழி உண்டு. யாருக்கும் காலம் ஒரே மாதிரி இருக்காது என்பது அதன் பொருள். ஆனால் சிதம்பரம், கடலூர் போன்ற ஊர்களில் குப்பை நிஜமாகவே உயர்ந்துகொண்டு போகிறது. அதைக் கொண்டுபோய் எங்கே கொட்டுகிறார்கள்? டவுனுக்குள் இடமில்லை. ஊருக்கு வெளியே ஒரு புறம்போக்கு, ஓர் ஓடைக்கரை, ஓர் ஆற்றோரம் என்றுதான் தேடுகிறார்கள். அதாவது நம் வயலுக்கும் வாய்க்காலுக்கும் பக்கத்தில். ஆகவே இது டவுன்காரர்களின் கவலை, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது.

அந்தக் காலத்தில் டவுன் குப்பையை நம் வண்டிகள் போய்த்தான் ஏற்றிவந்தன. சாம்பல், சாணம், வாழை இலை, காய்கறித் தோல் இவைதான் அன்றைய குப்பை. ஒரு மழை பெய்தால் வயலில் மக்கிப்போகும். பிளாஸ்டிக் பை வந்த பிறகு அந்த வண்டிகள் நின்றுபோயின. இன்றைக்கு யாராவது நகராட்சி உரம் என்று சொன்னால், “அட போங்க சார், அதுல கண்ணாடித் துண்டும் பாலிதீன் பையும்தான் இருக்கும், ஆள் காலைக் கிழிச்சிடும்” என்கிறீர்கள். நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்த உரத்தை வாங்கலாம், எதை வாசலிலேயே திருப்பி அனுப்பவேண்டும் என்பதைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

மேட்டில் என்ன நடக்கிறது?

எல்லாக் குப்பையையும் ஒன்றாகக் கொட்டி மேலே மேலே குவித்தால் உள்ளே காற்றுப் போகாது. காற்றில்லாத இடத்தில் ஈரக் குப்பை அழுகும்போது மீத்தேன் வாயு உண்டாகும். நம் சாண எரிவாயுக் கலத்தில் அடுப்பெரிக்க உதவுகிறதே, அதே வாயுதான். கலத்தில் அது நமக்கு வேலை செய்கிறது. மேட்டில் அது தானாகத் தீப்பிடித்துப் புகைகிறது. பூமியைச் சூடாக்குவதில், 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால், இது கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 28 மடங்கு வலுவுள்ளது. அழுகலில் ஊறிய மழைநீர் கறுப்புச் சாறாக இறங்கிக் கிணற்றையும் வாய்க்காலையும் கெடுக்கும். மணல்பாங்கான நம் கடலோர மண்ணில் அது சீக்கிரமாகவே இறங்கிவிடும்.

மேடு சரிந்தாலோ உயிரே போகும். 2017-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் தேதி, சித்திரைப் புத்தாண்டு நாளில், கொழும்பை அடுத்த மீதொட்டமுல்ல குப்பைமலை சரிந்து வீடுகளை மூடியது. 30 பேருக்கு மேல் மாண்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் டில்லி காசிப்பூர் மேடு சரிந்து 2 பேர் இறந்தார்கள்.

பிரித்தால் உரம், சேர்த்தால் விஷம்

நம் ஊர்க் குப்பையில் ஏறத்தாழப் பாதி மக்கும் குப்பைதான். அதை வீட்டிலேயே தனியாக எடுத்துவிட்டால் மேடு பாதியாகக் குறையும். அழுகல், நாற்றம், வாயு எல்லாம் அந்தப் பாதியிலிருந்து வருபவைதாம். மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துத் தரவேண்டும் என 2000-ஆம் ஆண்டு விதிகளும், பின்னர் 2016-ஆம் ஆண்டு விதிகளும் சொல்லின. அதன்படி தமிழ்நாட்டில் நகரங்கள்தோறும் நுண் உரக்கூடங்கள் அமைந்தன.

இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. ஆல்பர்ட் ஹோவார்டு என்ற ஆங்கிலேய விஞ்ஞானி 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்து, காற்றோட்டமாகக் குவித்துப் புரட்டிப்போடும் இந்தூர் முறையை வகுத்தார். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சி. என். ஆச்சார்யா 1939-இல் நகரக் குப்பையைக் குழியில் அடுக்கி மூடி மக்கவைக்கும் பெங்களூர் முறையைக் கொண்டுவந்தார். இந்தூர் முறையில் உரம் விரைவில் கிடைக்கும், ஆனால் புரட்ட ஆள் வேண்டும். பெங்களூர் முறையில் வேலை குறைவு, நாள் அதிகம்.

உரக்கூடத்தில் செய்வதும் நம் எருக்குழிக் கணக்குதான். கரிச்சத்து 25 முதல் 30 பங்கு என்றால் தழைச்சத்து 1 பங்கு இருக்கவேண்டும். காய்கறிக் கழிவிலும் மீன் கழிவிலும் தழைச்சத்து மிகுதி. அதை மட்டும் போட்டால் நாறும். வைக்கோலிலும் காய்ந்த சருகிலும் கரிச்சத்து மிகுதி. அதை மட்டும் போட்டால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இரண்டையும் அடுக்கடுக்காகப் போட்டுச் சாணிக் கரைசல் தெளிக்கவேண்டும். கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டை நிற்கவேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. அதுதான் சரியான ஈரம்.

இரண்டு மூன்று நாளில் குவியல் சூடேறும். ஓர் இரும்புக் கம்பியைச் சொருகிப் பத்து நிமிஷம் கழித்து எடுத்தால் கையில் பிடிக்க முடியாது. 55 டிகிரிக்குமேல் மூன்று நாளாவது இருந்தால்தான் நோய்க் கிருமியும் களை விதையும் சாகும். வெளிப்பக்கம் சூடேறாது என்பதால்தான் புரட்டிப்போடச் சொல்கிறோம். 45 முதல் 60 நாளில் குவியல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கி, கறுத்து, மண்வாசனை வரும்.

ஒரு சின்னக் கணக்கு

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி சிதம்பரம் நகராட்சியில் 62,153 பேர். ஆளுக்கு நாளொன்றுக்கு 300 கிராம் குப்பை என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 18 டன்னுக்கு மேல் வருகிறது. பாதி மக்கும் குப்பை என்றால் 9 டன். அது மூன்றில் ஒன்றாகச் சுருங்கினால் 3 டன் உரம். வருஷத்துக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் ஆகிறது. ஏக்கருக்கு 5 டன் வீதம் 200 ஏக்கருக்குப் போடலாம். தழைச்சத்து நூற்றுக்கு 0.8 என்று கணக்கிட்டாலும், அதில் 400 மூட்டை யூரியாவுக்குச் சமமான சத்து இருக்கிறது. யூரியாவைப்போல அது உடனே பயிருக்குக் கிடைக்காது, மெள்ள மெள்ளத்தான் வரும். ஆனால் யூரியா தராத ஒன்றை அது தரும். மணல் மண்ணில் ஈரத்தைப் பிடித்துவைக்கும், களிமண்ணைப் பொலபொலப்பாக்கும். கொல்லையில் மணிலா போடுகிறவர்களுக்கு இந்த அருமை தெரியும்.

இது தவிர உழவர் சந்தைக் கழிவு இருக்கிறது. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம் ஆகிய நாட்களில் சிதம்பரத்தில் சேரும் பூவும் இலையும், முதுநகர் மீன் கழிவும் இருக்கின்றன.

வாங்குமுன் ஐந்து சோதனை

முதலாவது, எந்தக் குப்பையில் செய்தது என்று கேளுங்கள். வீட்டிலேயே பிரித்து வாங்கிய ஈரக் குப்பையில் செய்ததென்றால் மேற்கொண்டு பேசலாம். கலந்து கொட்டியதைப் பிறகு சலித்தது என்றால் வேண்டாம்.

இரண்டாவது, சல்லடை. உரச்சட்டத் தரப்படி நகர உரத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு 4 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கவேண்டும். ஒரு சட்டி உரத்தை வெள்ளைத் துணியில் பரப்பி, கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, முதிர்ச்சி. ஈர உரத்தைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி மூன்று நாள் வைத்துப் பிறகு திறந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் இன்னும் வேகவில்லை என்று அர்த்தம். அதைப் போட்டால் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கிருமிகளே தின்றுவிடும், பயிர் மஞ்சளாகும்.

நான்காவது, முளைப்பு. ஒரு சட்டியில் வயல் மண், இன்னொன்றில் பாதி மண் பாதி உரம் போட்டு, ஒவ்வொன்றிலும் 20 உளுந்து ஊன்றுங்கள். உரச் சட்டியில் முளைப்பு நன்றாகக் குறைந்தால் வாங்காதீர்கள்.

ஐந்தாவது, பரிசோதனைச் சீட்டு. காரீயம் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக்கூடாது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் 4-க்கு மேல் போகக்கூடாது. பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பக்கம் மண்ணே உப்பு மண் என்பதால் அங்குள்ளவர்கள் இதை அவசியம் பார்க்கவேண்டும். சீட்டு காட்ட மறுத்தால் இனாமாகக் கொடுத்தாலும் வாங்கவேண்டாம்.

எல்லாம் தேறினாலும் முதல் வருஷம் பத்து சென்ட்டில் போட்டுப் பாருங்கள். கண்ணால் பார்த்த பிறகு பரப்பைக் கூட்டலாம்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. கடலூரில் கம்மியம்பேட்டைக் குப்பைக் கிடங்கைப் பார்த்தவர்களுக்குப் பழைய மேடு என்றால் என்னவென்று தெரியும். இப்படிப்பட்ட மேடுகளைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை பல ஊர்களில் நடந்துவருகிறது. நல்ல வேலைதான். ஆனால் சலித்து வரும் கறுப்பு மண்ணை யாராவது ‘உரம்’ என்று சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். பாட்டரி, பெயிண்ட், டியூப் லைட் எல்லாம் வருஷக்கணக்கில் ஊறிய மண் அது. பரிசோதனை இல்லாமல் அதைச் சாப்பாட்டுப் பயிர் நிலத்தில் கொட்டக்கூடாது. ஒருமுறை மண்ணில் சேர்ந்த காரீயத்தை நம் ஆயுளில் எடுக்க முடியாது.

மக்காதது எங்கே போகும்?

காகிதம், இரும்பு, கெட்டி பிளாஸ்டிக் எல்லாவற்றையும் காயலான் கடைக்காரர் விலைக்கு எடுத்துக்கொள்வார். மெல்லிய பைகளைத் துண்டாக்கித் தாரோடு சேர்த்துச் சாலை போடலாம் என்று மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர். வாசுதேவன் காட்டினார். அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்கள் 14 வகை தடை செய்யப்பட்டன. நம் நடவாட்களின் காலைக் கிழிக்கும் மதுப் பாட்டிலுக்கு 2022-இல் நீலகிரியில் ஒரு வழி கண்டார்கள். விற்கும்போது 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொண்டுவந்தால் திருப்பித் தருவது. பிறகு அது மற்ற மாவட்டங்களுக்கும் பரவியது.

ஆலப்புழை தரும் பாடம்

கேரளத்தில் ஆலப்புழை நகரத்தின் குப்பை சர்வோதயபுரம் என்ற கிராமத்தில் கொட்டப்பட்டு வந்தது. 2012-இல் அந்தக் கிராமத்து மக்கள் லாரிகளை மறித்தார்கள். குப்பை தெருவில் நின்றது. அதன் பிறகுதான் வீட்டுக்கு வீடு எரிவாயுக் கலம், குழாய் உரம், தெருமுனையில் காற்றோட்ட உரத்தொட்டி என்று நகரம் மாறியது. லாரியை மறித்ததோடு வேலை முடியவில்லை. நகரத்து வீடுகள் தங்கள் குப்பையைத் தாங்களே கவனித்ததால்தான் பிரச்சினை தீர்ந்தது.

நம் பக்கமும் இரு தரப்புக்கும் வேலை இருக்கிறது. டவுனில் இருக்கும் தாய்மார்களே, ஈரக் குப்பையில் ஒரே ஒரு பிளேடோ ஊசியோ போட்டாலும் அது ஒரு தூய்மைப் பணியாளரின் கையிலோ நாற்று நடும் பெண்ணின் காலிலோதான் ஏறும். விவசாய நண்பர்களே, நல்ல உரம் செய்தும் வாங்க ஆளில்லாவிட்டால் உரக்கூடம் பூட்டப்படும், குப்பை மறுபடி மேட்டுக்கே போகும். தரமாக இருந்தால் வாங்குங்கள், தரமில்லையென்றால் ஏனென்று சொல்லித் திருப்பி அனுப்புங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் தரம் தானாக உயரும். சந்தேகம் இருந்தால் உங்கள் பகுதி வேளாண் அலுவலரையோ விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகுங்கள்.

வாங்கும் உரத்தைச் சோதித்து வாங்கி, உங்கள் மண்ணைக் காத்துக்கொள்ளுங்கள்.