ஒரே மரம், ஒரே கலயம்

பீர் காய்ச்சுகிற கம்பெனிக்கும் கலர் விற்கிற கம்பெனிக்கும் என்னய்யா சம்பந்தம்னு எதிரணியில் கேட்டாங்க. வள்ளியூர்க்காரங்களைக் கேளுங்க, சொல்லுவாங்க! ஒரே பனை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு தடவினா பதநீர், தடவாவிட்டா கள்! (கைதட்டல்)

1997-ல் டென்மார்க் நாட்டு பீர் கம்பெனி கார்ல்ஸ்பெர்க்கும் கோகோ கோலாவும் ஒரு கூட்டுக் கம்பெனி தொடங்கினாங்க. பீர்க்காரருக்கு 51 சதவீதம், கோலாக்காரருக்கு 49. ஏன் சேர்ந்தாங்க? ரெண்டுக்கும் தண்ணீர் வேணும், கேஸ் வேணும், பாட்டில் வேணும், கடைகடையாப் போக லாரி வேணும். சேர்ந்து செய்தா செலவு மிச்சம். சில வருஷத்தில் அந்தக் கூட்டு கலைந்தது, ஆசை கலையவில்லை. 2025 ஜனவரியில் அதே கார்ல்ஸ்பெர்க், இங்கிலாந்தில் பெப்சி நிரப்பி விற்கிற பிரிட்விக் கம்பெனியையே விலைக்கு வாங்கிவிட்டது!

பெரிய இடத்துச் சம்பந்தம், நல்லா இருக்கட்டும். ஆனா பெட்டிக்கடையில் இருக்கிறது ஒரே ஒரு ஐஸ் பெட்டி. அதை இவங்களே நிரப்பிட்டா, நம்ம ஊர் கோலி சோடாவை எங்கே வைக்கிறது? லாரியும் இல்லாம, பெட்டியும் இல்லாம, பொழுது ஏறினா புளிக்கிற பதநீரை வெச்சுக்கிட்டு ரோட்டோரம் நிற்கிறாரே பனையேறி, அவருக்கு யாருய்யா கூட்டு?