மடிக்கணினியின் ஒலியும் விளம்பர எண்களும்

மடிக்கணினியில் பாடல் கேட்கையில் மிருதங்கத்தின் கனத்த நாதம் மெலிந்துவிடுவதை நாம் அறிவோம். '24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ்' ஒலி அட்டையை வாங்கினால் இக்குறை தீரும் என விளம்பரங்கள் ஆசை காட்டுகின்றன. வாங்குமுன் சற்றுச் சிந்திப்போம்.

மனிதச் செவிக்கு எட்டுவது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியே. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே அதற்குப் போதுமானது. உண்மையான குறை ஒலிபெருக்கியில் உள்ளது. தாழ்ந்த நாதம் எழ மிகுந்த காற்று அசைய வேண்டும். மெல்லிய பெட்டிக்குள் ஒடுங்கிய சிற்றொலிபெருக்கியால் அஃது இயலாது. அட்டையை மாற்றினும் ஒலிபெருக்கி மாறுவதில்லையே!

வெளியே இணைக்கும் நல்ல ஒலிபெருக்கியோ ஹெட்போனோ போதும். உழைத்து ஈட்டிய பணத்தை வெற்று எண்களுக்கு இரையாக்காதிருப்போம்.