90 விநாடியில் இருண்ட கியூபெக்

1989 மார்ச் 13, அதிகாலை. சூரியப் புயல் பூமியின் காந்தப்புலத்தை உலுக்க, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 60 லட்சம் பேருக்கு கரண்ட் போச்சு. 90 விநாடிதான். பெரும்பகுதி திரும்ப வர 9 மணிநேரம் ஆச்சு.

அங்குள்ள பாறை மின்சாரத்தை லேசில் கடத்தாது. அதனால் புயல் தூண்டிய கரண்ட், நீளமான லைன்களில் ஏறிடுச்சு. டிரான்ஸ்ஃபார்மர்கள் திணறின. வோல்டேஜைத் தாங்கிப்பிடிக்க வேண்டிய கருவிகளோ, தங்களைக் காப்பாத்திக்க ஒவ்வொண்ணா ஆஃப் ஆயிடுச்சு. கருவி ஒதுங்கிச்சு, கிரிட் விழுந்தது.

அதுக்காகப் பாதுகாப்பே வேண்டாம்னு சொல்லவும் முடியாது: பெரிய டிரான்ஸ்ஃபார்மர் எரிஞ்சா, புதுசு வர ஒரு வருஷத்துக்கு மேலயும் ஆகலாம். ஹைட்ரோ-கியூபெக் கட்-ஆஃப் அளவுகளை உயர்த்தியது. அந்த கரண்டைத் தடுக்கும் கெப்பாசிட்டர்களை லைன்களில் சேர்த்தது.

சர்வருக்கு லிமிட் வைக்கிற நமக்கும் அதே கேள்விதான்: அது காப்பாத்துறது பெட்டியையா, அதை நம்பி இருக்கிறவங்களையா?