ஒரே நாள், இரண்டு மழை

ஜூன் பிறந்துவிட்டால் அணுசக்தி நகரில் மாலை உலாவ வரும் ஓய்வு பெற்ற பெரியவர்களுக்கு மழைப் பேச்சுதான். இரண்டு மேகம் கூடினால் போதும், பழைய கணக்கைப் பிரித்துவிடுவார்கள்.

"எழுபத்து நாலு மழையைப் பார்த்தீரா ஓய்?" என்று மூத்தவர் ஆரம்பிப்பார். 1974 ஜூலை 5 கணக்கில் கொலாபாவில் 575.6 மில்லி மீட்டர்.

"அது கிடக்கட்டும் சார், ஜூலை இருபத்தாறைச் சொல்லுங்கள்" என்பார் இளையவர். இளையவருக்கும் வயது அறுபது தாண்டிவிட்டது!

2005 ஜூலை 26. சாந்தாகுரூஸில் 944 மில்லி மீட்டர். சென்னையில் ஒரு வருடம் பெய்வதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஒரே நாளில்! அதே கணக்கில் கொலாபாவிலோ 73தான். அங்கேதான் வந்தது வினை. கோட்டைப் பக்கத்து ஆபீசுகளில் இருந்த குமாஸ்தாக்களுக்கு வழக்கமான மழை. வடக்கே மித்தி நதி பொங்கி குர்லா, கலீனா எல்லாம் மூழ்கிக்கொண்டிருந்தது. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ள, தண்ணீர் வடிய வழியில்லை. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் நடுவழியில் நின்ற ரயில்களில் அகப்பட்டார்கள். இறங்கித் தண்டவாளத்தோடு நடந்தவர்கள் பலர். மறுநாள்தான் வீடு சேர்ந்தவர்களும் உண்டு. நகரிலும் மாநிலத்திலும் நூற்றுக்கணக்கில் உயிர்கள் போயின.

அதற்குப் பிறகு மாநகராட்சி ஊரெங்கும் தானியங்கி மழைமானிகள் வைத்தது. முன்பே வைத்திருக்க வேண்டியவை என்பது ரயில்வேக்காரனான என் கட்சி.

இப்போதெல்லாம் கோட்டையிலிருந்து கிளம்புமுன் பலர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்ப்பதில்லை. குர்லாவில் எப்படி, சயானில் எப்படி என்றுதான் விசாரிக்கிறார்கள்.