உள்ளத்தின் நலமும் காலை ஓட்டமும்

உடலுக்கு நோய் வந்தால் ஊரார் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருகின்றனர். உள்ளத்துக்கு நோய் வந்தால் வீட்டார் கதவைச் சாத்திக்கொள்கின்றனர். இந்த வேற்றுமையை எந்த மருத்துவ நூலும் நமக்குக் கற்பிக்கவில்லை. நாணமும் அச்சமும் கற்பித்தன. “ஊர்வாயை மூட உலைமூடி இல்லை” என்னும் பழமொழிக்கு அஞ்சி, நம் வீட்டாரின் வாயையே நாம் மூடிவிடுகிறோம். தங்கவயலில் வாழ்வோரும், அங்கிருந்து பிழைப்புத் தேடிப் பிற ஊர்களில் குடியேறியோருமாகிய நம் குடும்பங்களை முன்னிட்டு, இத்திங்கள் இது குறித்துச் சற்று மனம் விட்டுப் பேச விரும்புகிறோம்.

சங்கு ஓய்ந்த ஊர்

கோலார் தங்கவயலின் வரலாற்றை நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1880ஆம் ஆண்டு முதல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் அங்கே பெருமளவில் சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து வறுமையும் சாதிக் கொடுமையும் துரத்த, நம் முன்னோர் மூட்டை முடிச்சுகளுடன் அங்குச் சென்று சேர்ந்தனர். சாம்பியன் ரீப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் அதுவும் ஒன்றாக எண்ணப்பட்டது. கீழே பாறை வெடித்தால் மேலே வீட்டுச் சுவர்கள் அதிரும். அவ்வதிர்ச்சியைக் கேட்ட பெண்கள், இறங்கிய கணவர் ஏறி வரும்வரை அடுப்பை மறந்து வாயிலில் நிற்பர். அச்சத்தை விழுங்கிக்கொண்டு வாழ்வது அவ்வூரில் மூன்று தலைமுறையினர் பழகிய பழக்கமாயிற்று.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்தின் சுரங்கங்கள் மூடப்பட்டன. வேலை போனது குறித்து வழக்காடினோம்; ஊர்வலம் சென்றோம். உறக்கம் போனது குறித்து வாய் திறந்தோமில்லை.

நமக்கு மாமன் முறையாகும் ஒருவர், இருபத்திரண்டு ஆண்டுகள் சுரங்கத்துள் இறங்கி உழைத்தவர். சுரங்கம் மூடிய பின்னரும் விடியற்காலை நான்கு மணிக்கு விழித்துக்கொள்வார். சங்கு ஊதாது. வேலைச் சட்டையை அணிந்து திண்ணையில் அமர்ந்துவிடுவார். நாளடைவில் பேச்சுக் குறைந்தது, உணவும் குறைந்தது. நலம் வினவியவர்க்கெல்லாம் “வயிற்றுக் கோளாறு” என்று அத்தை விடை சொன்னார். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. “தகப்பனுக்குப் புத்தி சரியில்லை” என்ற ஒரு சொல் வெளியே போனால் சம்பந்தம் நின்றுவிடும் என்று அஞ்சினார்கள். கயிறு மந்திரித்துக் கட்டினார்கள்; கோயில் கோயிலாக அழைத்துச் சென்றார்கள். ஏழு ஆண்டுகள் கழிந்த பின்னரே மருத்துவரிடம் சென்றனர். மருந்தினால் அவர் ஓரளவு தேறினார். ஆயினும் போன ஆண்டுகள் திரும்பவில்லை. அத்தை பின்னாளில் நம்மிடம் சொன்னார்: “தம்பி, அந்த நோயைப் பார்த்த பாட்டைவிட, அதை மறைத்த பாடுதான் பெரிதாக இருந்தது.”

மறைத்தலின் விலை

சுரங்கம் மூடப்பட்ட அதே 2001ஆம் ஆண்டு, ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் தங்கியிருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பி ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். அவர்களும் யாரோ ஒரு தாயின் மக்களே. வீட்டில் வைத்துக்கொள்ள நாணியோ, செய்வகை அறியாமலோ, கொண்டுபோய் விடப்பட்டவர் அவர்களுள் இருந்தனர்.

இந்நோய் எங்கோ யாருக்கோ வருவது என்றும் எண்ண வேண்டா. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பறிவியல் நிலையமாகிய நிம்ஹான்ஸ், 2015–16இல் பன்னிரண்டு மாநிலங்களில் ஒரு கணக்கெடுப்பு நடத்திற்று. அதற்கு முன்னோட்டமாக ஆராயப்பட்டது கோலார் மாவட்டமேயாகும். அங்கு 3,190 பேர் ஆராயப்பட்டனர். வயது வந்தோருள் நூற்றுக்குப் பத்துப் பேருக்குச் சற்று மேற்பட்டோர் ஏதேனும் ஓர் உளநோயால் துன்புறுகின்றனர் என்று அக்கணக்கெடுப்பு கூறுகிறது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் மருத்துவம் பெறாதவர்கள். மருத்துவமனை தொலைவில் இருப்பது ஒரு காரணம். பிறர் அறிந்துவிடுவரோ என்னும் அச்சம் மற்றொரு காரணம். முதற் காரணத்தை நீக்க அரசு வேண்டும். இரண்டாவதை நீக்க நாம் போதும்.

ஓட்டம் என்ன செய்யும்?

ஓட்டப் பயிற்சி மனச்சோர்வையும் பதற்றத்தையும் தணிக்குமா என்று அறிஞர் பல்லாண்டுகளாக ஆராய்ந்து வருகின்றனர். 218 ஆய்வுகளையும் அவற்றில் பங்கு கொண்ட பதினாலாயிரத்துக்கு மேற்பட்டோரையும் ஒருசேர நோக்கிய அறிக்கை ஒன்று 2024இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயிற்று. நடை, மெல்லோட்டம், யோகம், தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி ஆகியவை மனச்சோர்வைக் குறைக்க உதவுகின்றன என்பது அதன் முடிவு.

அதற்கு முந்திய ஆண்டு வெளியான ஆம்ஸ்டர்டம் நகரத்து ஆய்வு ஒன்று இன்னும் நுட்பமான செய்தியைத் தருகிறது. மனச்சோர்வோ பதற்ற நோயோ உடைய 141 பேருள் ஒரு பிரிவினர் மருந்து உட்கொண்டனர். மற்றொரு பிரிவினர் குழுவாகக் கூடி ஓடினர். பதினாறு வாரம் கழித்துப் பார்க்கையில், இரு பிரிவிலும் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் நோய் நீங்கப் பெற்றிருந்தனர். ஓடியவர்களின் உடல்நலமும் மேம்பட்டிருந்தது. ஆனால் மருந்தை நூற்றுக்கு எண்பத்திரண்டு பேர் விடாமல் உட்கொண்டிருக்க, ஓட்டத்தை விடாமல் தொடர்ந்தோர் ஐம்பத்திரண்டு பேரே. சோர்வு நோயுற்றவர்க்குப் படுக்கையிலிருந்து எழுவதே மலையேறுவது போன்றது. அவரை எழுப்பி வெளியே கொண்டுவர ஒரு துணை வேண்டும் என்பதையே இக்கணக்கு நமக்கு உணர்த்துகிறது.

துணையின் ஆற்றலுக்குச் சான்று இலண்டன் நகரில் உண்டு. பால் சின்டன் ஹியூவிட் என்பவர் காயத்தால் ஓட இயலாமலும், வேலை இழந்தும் மனம் சோர்ந்திருந்த வேளையில், நண்பர்களையேனும் காணலாம் என்று 2004ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் புஷி பூங்காவில் கட்டணமின்றி ஓர் ஓட்டத்தை நடத்தினார். அன்று ஓடியவர் பதின்மூவர். அதுவே பின்னர்ப் பார்க்ரன் என்னும் பெயருடன் பல நாடுகளில் பரவி, வாரந்தோறும் மக்களை ஒன்றுகூட்டி வருகிறது.

புலம்பெயர்ந்த முதியோர் பௌஜா சிங் அவர்களையும் நினைவு கூரலாம். பஞ்சாபில் கண்ணெதிரே மகனை இழந்த துயரோடு இங்கிலாந்து சென்ற அவர், ஓட்டத்தில் ஆறுதல் தேடி, 2000ஆம் ஆண்டில் தம் 89ஆம் வயதில் இலண்டன் மராத்தானை ஓடி முடித்தார். 2025இல் மறையும்வரை துயருற்றோர் பலர்க்கு அவர் எடுத்துக்காட்டாய் விளங்கினார்.

தங்கவயலில் ஒரு ஞாயிறு

ஓட்டம் தங்கவயல் மண்ணுக்கும் புதிதன்று. சுரங்கக் காலத்திலேயே அவ்வூரார் காற்பந்திலும் வளைகோற்பந்திலும் பெயர் பெற்றிருந்தனர். 1964ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஓடிய கென்னத் பவல் கோலாரில் பிறந்தவரே.

மேலே குறிப்பிட்ட மாமாவின் மகன், பெங்களூரில் வேலை பார்க்கிறான். விடியுமுன் மாரிகுப்பத்தில் வண்டி ஏறி, ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் சென்று, இரவில் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுள் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன்னர் தகப்பனாரைப் பிடித்த அந்த நிழல் அவனையும் தொட்டது. இம்முறை அத்தை அதை மறைக்கவில்லை. தாமே முன்னின்று மருத்துவரிடம் அழைத்துச் சென்றார். மருத்துவர் மருந்து கொடுத்தார். உடலை அசைக்கவும் சொன்னார்.

தொடக்கத்தில் எவரும் பார்த்துவிடக் கூடாதென்று இருட்டிலேயே ஓடினான். “யாரப்பா துரத்துகிறார்கள்?” என்று பால்காரர் கேட்டாராம். பின்னர் இரு நண்பர்கள் சேர்ந்துகொண்டனர். மூன்றாம் ஞாயிறு, ஆண்டர்சன்பேட்டைப் பக்கம் ஓடித் திரும்புகையில், மூச்சு வாங்க நடந்துகொண்டே அவன் சொன்னான்: “மச்சான், நான் மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். உடம்புக்கு இல்லை, மனத்துக்கு.”

நண்பன் ஒருவன் சற்றுத் தூரம் பேசாமல் நடந்தான். பிறகு, “எனக்கும் மூன்று மாதமாக உறக்கம் இல்லை மச்சான். யாரிடம் சொல்வதென்று தெரியாமல் இருந்தேன்” என்றான்.

எதிரெதிரே அமர்ந்து முகம் பார்த்துச் சொல்லக் கூசுவதை, பக்கத்தில் நடந்துகொண்டு சொல்லிவிட முடிகிறது. சாலை முன்னே இருக்கிறது. கண்கள் சந்திக்க வேண்டுவதில்லை. இப்போது அங்கே ஏழெட்டுப் பேர் கூடுகின்றனர். சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பட்டப்பகலிலேயே ஓடுகின்றனர். அத்தையும் அடுத்த வீட்டு அம்மாளும் பின்னால் நடந்து வருகின்றனர். அவன் மாத்திரை உண்பது தெருவுக்கே தெரியும். அதனால் எந்த வானமும் இடிந்து விழவில்லை.

தொடங்குவோர்க்குச் சில சொற்கள்

ஒரு நிமிடம் மெல்ல ஓடி இரண்டு நிமிடம் நடப்பது தொடக்கத்திற்குப் போதும். பேசிக்கொண்டே ஓட முடியுமளவே விரைவு இருத்தல் நன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாட்களே போதுமானவை.

சுரங்கத்தில் உழைத்த முதியோர் மருத்துவரைக் கேளாமல் ஓடுதல் ஆகாது. 1940களில் தங்கவயல் தொழிலாளர் 7,653 பேரை ஆராய்ந்தபோது, நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர்க்குப் பாறைத்தூசியால் வரும் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோய் காணப்பட்டது. அத்தகைய மார்பு உடையோர்க்கு மெல்லிய நடையே ஏற்றது. காற்று வீசும் நாட்களில் சயனைடு மேடுகளின் பக்கம் எவரும் ஓட வேண்டா. அம்மண்தூசி எல்லார்க்கும் தீங்கு.

இன்னொன்றையும் வற்புறுத்துகிறோம். “ஓடினால் எல்லாம் சரியாகிவிடும்” என்று நோயுற்றவரிடம் சொல்லாதீர்கள். ஓட இயலாத நாளில் அச்சொல்லே அவரைக் குத்தும். ஓட்டம் மருந்துக்குத் துணை. அதை நம்பி மருந்தை நிறுத்துதல் கேடு பயக்கும். “ஓடு” என்று ஏவுவதினும் “வா, நானும் வருகிறேன்” என்று அழைப்பது மேல்.

எவரேனும் வாழ்வை வெறுத்துப் பேசினால் அவரைத் தனியே விடாதீர்கள். உடனே மருத்துவ உதவி நாடுங்கள். இந்திய அரசு 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். 2018ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநோயாளரை உடல்நோயாளர்க்கு நிகராக நடத்த வேண்டும் என்று கட்டளையிடுகிறது. அவர்களைச் சங்கிலியால் பிணைப்பதையும் தடுக்கிறது. சட்டம் நம் பக்கம் நிற்கும்போது நாம் ஏன் நம் மக்களைவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும்?

அன்பர்களே, விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, திண்ணையில் பேச்சற்று அமர்ந்திருக்கும் ஓர் உறவினரை நீங்கள் காணக்கூடும். அவரிடம் “என்ன நோய்?” என்று துருவ வேண்டா. “சித்தப்பா, காலையில் சற்று நடந்துவிட்டு வருவோமா?” என்று கேளுங்கள். முதல் நாள் அவர் மறுக்கலாம். மறுநாளும் கேளுங்கள். ஆழத்தில் இறங்கியவர் ஏறி வரும்வரை வாயிலில் காத்து நின்ற குலம் நம்முடையது. இன்றும் அவ்வாறே காத்து நிற்போம். அவர் வந்ததும் உடன் நடப்போம்.