இருளில் ஒரு மண் களம்

பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலை இரவில் உறங்குவதில்லை. நள்ளிரவுக்குப் பின்னரும் ஆம்னிப் பேருந்துகள் ஒன்றையொன்று முந்திப் பறக்கின்றன. அரியலூர்ப் பக்கம் திரும்பினாலோ, சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர் லாரிகளும் சிமெண்டு மூட்டை லாரிகளும் சாரை சாரையாகச் செல்கின்றன. சாலையோர மரங்களின் இலைகளிலெல்லாம் வெண்புழுதி. இத்தகைய சாலைகளிலேதான் நம் பிள்ளைகளுள் சிலர், வீட்டார் உறங்கிய பின்னர், இரு சக்கர வண்டிகளிலும் நண்பனிடம் இரவல் பெற்ற கார்களிலும் வேகம் பழகுகின்றனர். அதன் முடிவு என்னவாகும் என்பதைப் பங்குத் தந்தையர் நன்கறிவர். அகால வேளையில் அறைக்கதவு தட்டப்படும்போதே, நோயில்பூசுதலுக்குரிய எண்ணெயைக் கையில் எடுக்குமுன்னரே, நம் மனம் பாதியை ஊகித்துவிடுகிறது.

வேகத்தின்மேல் இளைஞனுக்கு ஆசை பிறப்பதைப் பாவம் என்று நாம் சொல்லத் துணியோம். குதிரையும் காளையும் இருந்த காலத்திலேயே அந்த ஆசை இருந்தது. அதற்கு ஊரார் ஒரு களமும் ஒரு நாளும் வகுத்துக் கொடுத்திருந்தனர். காருக்கும் அவ்வாறு ஒரு களம் உண்டு. அதற்கு ஆட்டோகிராஸ் என்று பெயர். நம் வாசகருள் பலர் இப்பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆகவே சற்று விரித்துச் சொல்வோம்.

கொங்கு நாட்டு ரேக்ளாப் பந்தயத்தைக் கண்டவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கங்களில் ரேக்ளா வண்டிகள் 200 மீட்டர், 300 மீட்டர் என அளந்த தூரத்தைத் தனித்தனியே ஓடுகின்றன. பக்கத்தில் ஓடும் வண்டியோடு போட்டியில்லை, கடிகாரத்தோடுதான் போட்டி. ஆட்டோகிராசும் அவ்வகையினதே. திறந்த வெளியில், பெரும்பாலும் மண் தரையில், ஆரஞ்சு நிறக் கூம்புகளை நட்டு வளைந்து வளைந்து செல்லும் ஒரு தடத்தை அமைப்பார்கள். ஒரு கார் புறப்படும், கூம்புகளுக்கு இடையே நெளிந்து திரும்பி வந்து சேரும், நேரம் குறிக்கப்படும். அடுத்த கார் புறப்படும். கூம்பைத் தட்டிவிட்டால் நேரத்தோடு தண்டனை விநாடிகள் கூட்டப்படும். அமெரிக்க நாட்டில் கூம்பு ஒன்றுக்கு 2 விநாடி என்பது வழக்கம். தடம் மாறிச் சென்றால் அந்த ஓட்டமே கணக்கில் வராது. எஞ்சினின் அளவைக் கொண்டு கார்களை வகுப்புகளாகப் பிரிப்பதால், சிறிய கார் வைத்திருப்பவன் பெரிய காரைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

வேகம் எவ்வளவு என்று கேட்டால் இளைஞர்கள் ஏமாற்றம் அடைவர். முதல் கியரிலும் இரண்டாம் கியரிலுமே பெரும்பாலும் ஓட்டம் முடிந்துவிடும். நெடுஞ்சாலையில் பேருந்து செல்லும் வேகத்தைக்கூட இங்கே கார் எட்டுவது அரிது. ஆயினும் ஓட்டியவன் வியர்த்து இறங்குவான். வேகத்தைக் கூட்டுவது எவர்க்கும் எளிது. எப்போது குறைப்பது, பின்சக்கரம் வழுக்கத் தொடங்கும்போது ஸ்டியரிங்கை எவ்வளவு திருப்புவது, பிரேக்கை எங்கே விடுவது என்பனவற்றிலேதான் வித்தை இருக்கிறது. சாலையில் இவற்றைக் கற்கப் புகுபவன் முதற்பாடத்திலேயே உயிரிழக்கக் கூடும். களத்தில் கற்பவன் ஒரு கூம்பை இழப்பான்.

இங்கிலாந்தில் புல்வெளிகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் வளர்ந்தது இவ்விளையாட்டு. நம் நாட்டில் பெங்களூரு, கோயம்புத்தூர் போன்ற நகரங்களின் மோட்டார் சங்கத்தார் இதை நடத்தி வந்திருக்கின்றனர். தமிழ்நாட்டுக்கும் மோட்டார் பந்தயத்துக்கும் உள்ள உறவு பழையது. சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-இல் தோன்றியது. இரண்டாம் உலகப் போரின்போது அமைத்துக் கைவிடப்பட்ட சோழவரம் விமான ஓடுதளமே நெடுங்காலம் பந்தயக் களமாக விளங்கிற்று. பின்னர் 1990-இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் சங்கத்தின் சொந்தத் தடம் திறக்கப்பட்டது.

கோயம்புத்தூரில் சு. கரிவரதன் என்றொருவர் இருந்தார். மாருதி 800 காரின் எஞ்சினைக் கொண்டே பந்தயக் காரை வடிவமைத்து, பணம் படைத்தோர் மட்டுமே நெருங்கக்கூடிய ஓர் விளையாட்டை நடுத்தரக் குடும்பத்துப் பையன்களும் எட்டிப்பிடிக்கச் செய்த பெருமை அவருடையது. 1995-இல் வானூர்தி விபத்தில் அவர் மறைந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்நகரத்தின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் பார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய தந்தை தென்னிந்திய ராலியை ஏழு முறை வென்றவர். ஒரு வீட்டில் தந்தை வண்டி ஓட்டும் முறையை மகன் பார்த்துக்கொண்டே வளர்கிறான் என்பதற்கு இதுவும் ஒரு சான்று. பெற்றோரே, உங்கள் மகனும் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறான். நீங்கள் தலைக்கவசத்தைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு ஓட்டுவதையும் சேர்த்தே பார்க்கிறான்.

இனி இரவுக்கு வருவோம்.

இத்தகைய போட்டிகளை இரவில் ஏன் நடத்த வேண்டும்? வெயில் என்பது முதற்காரணம். சித்திரை, வைகாசியில் நம் பகுதி மண் தரையில் பகலில் நிற்கவும் இயலாது. வேலைக்குச் செல்வோர் பகலில் வர முடியாமை மற்றொன்று. மூன்றாவது காரணத்தை ஓட்டுபவர்கள் சொல்லாமலே நாம் அறிவோம்: இருளில் எதுவும் இருமடங்கு கிளர்ச்சி தரும்.

பகலில் கண் காட்டிக்கொடுக்கும் பலவற்றை இருள் மறைத்துவிடுகிறது. காரின் முகப்பு விளக்கு காரின் மூக்கு நோக்கும் திசையிலேயே ஒளி வீசுகிறது. வளைவில் திரும்பும்போது ஓட்டுபவன் பார்க்க வேண்டிய இடமோ பக்கவாட்டில் இருக்கிறது; அங்கே இருட்டு. ஒளி விழும் இடத்தைப் பார்ப்பவன் அவ்விடத்துக்கே காரைச் செலுத்திவிடுவான். ஆதலால் அனுபவமுடையோர் பகல் வெளிச்சம் இருக்கும்போதே தடம் முழுவதையும் காலால் நடந்து மனப்பாடம் செய்கின்றனர். எங்கே சரளை, எங்கே மணல், எங்கே மேடு என்பதைக் கால் அறிந்துகொண்டால், இரவில் கண்ணுக்குப் பாதி வேலை குறையும்.

அடுத்தது புழுதி. ஒரு கார் ஓடிச் சென்றபின் புழுதி மேலே நிற்கும். காற்றில்லாத இரவில் அது எளிதில் படியாது. பிரைட் விளக்கைப் போட்டால் ஒளி புழுதியில் பட்டுத் திரும்பி வெள்ளைச் சுவராய் எதிரே நிற்கும். டிம் விளக்கே உதவும். மூடுபனியில் லாரி ஓட்டும் நம் பங்கு அன்பர்களுக்கு இதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பொறுப்புடன் நடத்துபவர்கள் டேங்கர் கொண்டு தண்ணீர் தெளித்துத் தரையை நனைப்பர். ஒரு காருக்கும் மறு காருக்கும் இடையே புழுதி அடங்கும் வரை காத்திருப்பர். காத்திருக்கப் பொறுமையில்லாத இடத்தில் நம் பிள்ளைகளை நாம் விடக்கூடாது.

களத்தைச் சுற்றி ஜெனரேட்டர் வைத்து உயரமான விளக்குகள் நாட்டப்படும். அவ்விளக்கு ஓட்டுபவனின் கண்ணுக்கு நேரே வீசலாகாது. பேரொளியைக் கண்ட கண் மீண்டும் இருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடம் வரை ஆகும். முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று நம் தாய்மார் கூறுவது உண்மையே. ஆயினும் இந்த அரை மணி நேரத்தைக் கீரையால் குறைக்க முடியாது! மேலும், இருளில் சிவப்புக் கொடி தெரியாது. ஆதலின் ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஒளிச் சைகை வேண்டும். காவலர் அணியும் சட்டையில் ஒளி திருப்பும் பட்டை வேண்டும்.

வேடிக்கை பார்க்க வருபவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதைத்தான் நாம் முதலில் பார்ப்போம். கட்டுப்பாடு இழந்த கார் வளைவின் வெளிப்பக்கம் நோக்கியே பாயும். நம் ஊர்க் கூட்டமோ நன்றாகத் தெரிகிறது என்று அவ்விடத்திலேயே போய் நிற்கும். 1955 ஜூன் 11 அன்று பிரான்சு நாட்டு லெ மான் பந்தயத்தில் ஒரு கார் கூட்டத்துக்குள் சிதறியதில் 80-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் விளைவாகச் சுவிட்சர்லாந்து நாடு தடப் பந்தயங்களையே தடை செய்துவிட்டது. அத்தடை பல பத்தாண்டுகள் நீடித்தது. இவ்வளவு தொலைவு போவானேன்? இருங்காட்டுக்கோட்டையில் 2023 சனவரியில் நெடுநாள் அனுபவமுள்ள கார்ப் பந்தய வீரர் ஒருவரும், அதே ஆண்டு ஆகஸ்டில் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் 13 வயதே ஆன சிறுவன் ஒருவனும் உயிரிழந்தனர். அவை பல வண்டிகள் ஒருசேரப் பாயும் பந்தயங்கள். ஒற்றைக் கார் ஓடும் ஆட்டோகிராசில் மோதுவதற்கு மறு கார் இல்லை. ஆயினும் ஆபத்தே இல்லை என்று சொல்லி எந்தத் தாயையும் ஏமாற்ற நாம் விரும்பவில்லை. மண்ணில் பக்கவாட்டில் வழுக்கும் கார் பள்ளத்தில் இடறினால் கவிழும். சீட் பெல்ட்டும் தலைக்கவசமும் ஆம்புலன்சும் அலங்காரத்துக்காக வைக்கப்படுவன அல்ல.

2024 ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பர் முதல் நாளிலும் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி 3.5 கிலோமீட்டர் சாலையில் பார்முலா 4 இரவுப் பந்தயம் நடைபெற்றதை வாசகர் அறிவர். 2023 டிசம்பரில் நடைபெறவிருந்து, மிக்ஜாம் புயலால் தள்ளிவைக்கப்பட்டது அது. மாநகரச் சாலையைப் பகல்போல் ஒளிரச் செய்ய முடிந்த நாட்டில், ஒரு மாவட்டத்துக்கு ஒரு மண் களம் ஒதுக்க முடியாதா என்பது நம் எண்ணம்.

இடத்தைப் பற்றி ஒரு சொல். நம் கரிசல் நிலம் இதற்கு ஆகாது. கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். ஒரு மழை பெய்தால் சக்கரத்தை விடாது. சரளை கலந்த செம்மண் மேடே ஏற்றது. கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குவாரிகளின் பக்கம் எவரும் நினைக்கவே வேண்டா; அவற்றின் விளிம்பு சரியும், அடியில் தண்ணீர் ஆழமாய் நிற்கும். வறண்ட ஏரி பொதுச் சொத்து. அனுமதியின்றி அதில் வண்டி இறக்குவது குற்றம்.

குற்றம் என்று சொன்னதால் சட்டத்தையும் குறிப்போம். பொதுச் சாலையில் அரசின் அனுமதியின்றிப் பந்தயம் விட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவின்படி 3 மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கும். மீண்டும் செய்தால் ஓராண்டு வரை சிறை. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் இழைத்தால், 2019-இல் சேர்க்கப்பட்ட 199-ஏ பிரிவின்படி, பெற்றோர்க்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியை எங்கே வைக்கிறோம் என்பது இனி வெறும் வீட்டு வழக்கமன்று. வத்திக்கான் 2007-இல் வெளியிட்ட சாலைப் பயணம் பற்றிய வழிகாட்டியில் ஓட்டுநர்க்கெனப் பத்துக் கட்டளைகள் உள்ளன. கொலை செய்யலாகாது என்பதே அவற்றுள் முதலாவது.

இரவில் வண்டி ஓட்டும் நம் மக்கள் அறிய வேண்டிய புனிதை ஒருவர் உண்டு. ரோமை நகரின் புனித பிரான்சிஸ்கா (1384–1440) இருளில் செல்லும்போது, அவருடைய காவல் தூதர் விளக்கேந்தி முன்னே வழிகாட்டினார் என்பது மரபு. அதனை நினைந்தே 1925-இல் பாப்பரசர் 11-ஆம் பத்திநாதர் அவரை மோட்டார் ஓட்டுநரின் பாதுகாவலியாக அறிவித்தார். தூதர் விளக்கேந்தினார் என்று கேட்டவுடன் நம் இளைஞர் நகைப்பர். ஆனால் கணக்கைப் பார்க்கட்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் விநாடிக்கு 28 மீட்டர் செல்கிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிப்பதற்குள் ஒரு விநாடி கழியும். நல்ல தார்ச்சாலையில் முழுதும் நிற்க மேலும் 50 மீட்டர் வேண்டும். டிம் விளக்கு தெளிவாகக் காட்டும் தூரமோ ஏறத்தாழ 40, 50 மீட்டர். பின்விளக்கு எரியாமல் சாலையோரம் நிற்கும் டிப்பர் லாரி எஞ்சிய தூரத்தில் இருக்குமானால் என்ன செய்வது?

இறுதியாக, இத்தகைய போட்டிக்குச் சென்று வரும் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. களத்தைவிட அபாயமானது வீடு திரும்பும் பயணமே. ஓட்டம் முடிந்தவனுக்கு உடல் களைத்திருக்கும், மனமோ அடங்காது. சற்றுமுன் அடைந்த கிளர்ச்சிக்கு முன் சாலையின் ஓட்டம் சலிப்பாய்த் தோன்றும்.  மண் களத்தில் வழுக்கிய டயர்களில் கல் செருகியிருக்கலாம், காற்று குறைந்திருக்கலாம். ஆகவே ஓட்டம் முடிந்ததும் அரை மணி நேரம் உட்காருங்கள். தேநீர் அருந்துங்கள். நான்கு டயர்களையும் கையால் தொட்டுப் பாருங்கள். விளக்குக் கண்ணாடியில் படிந்த புழுதியைத் துடையுங்கள். தூக்கம் வந்தால் காரிலேயே உறங்கிவிட்டு, விடிந்தபின் வாருங்கள். ஞாயிறு காலை முதல் பூசைக்குப் பதில் இரண்டாம் பூசைக்கு வந்து சேர்ந்தால் போதும், நாம் ஒன்றும் கேட்க மாட்டோம்.