முதலில் மூச்சு

விடுமுறை வந்தால் சென்னை இளைஞர்கள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போகும் தடா, நாகலாபுரம், தலக்கோனா அருவிகள் மூன்றும் இன்று ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்தில் இருக்கின்றன. பழைய சித்தூர் மாவட்டத்து மலைகளில் உள்ளவை அவை. 2022 ஏப்ரலில்தான் திருப்பதி தனி மாவட்டமானது. தடா அருவிக்கு உள்ளூர்ப் பெயர் உப்பலமடுகு. நாம் மடு என்பதைத்தான் தெலுங்கில் மடுகு என்கிறார்கள். பாறை இடுக்கில் தேங்கிய அந்தத் தெளிந்த நீரின் ஆழத்தைக் கரையில் நின்று கணிக்க முடியாது. குளிக்க இறங்கியவர் மூழ்கினார் என்ற செய்தி அங்கிருந்து திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது.

அப்போது முதலில் நீரில் குதிப்பவர்கள் உள்ளூர் நீச்சல்காரர்கள். தெலுங்குச் செய்தித்தாள்கள் அவர்களைக் ‘கஜ ஈதகாள்ளு’ என்று எழுதும். திருமலை பிரம்மோற்சவத்தின் கடைசி நாளில், சக்கர ஸ்நானத்தின்போது, புஷ்கரணியில் கூட்டத்தைக் காத்து நிற்பவர்களும் இவர்களைப் போன்றவர்களே. முங்கி ஆளைத் தூக்கும் திறமையில் இவர்களை மிஞ்ச முடியாது. ஆனால் தூக்கியபின் செய்ய வேண்டியது தனிக் கலை. அதைத்தான், காற்றுச் சிலிண்டருடன் முக்குளிக்கும் ஸ்கூபாவின் மீட்பு வீரர் பயிற்சி கட்டாயமாக்கி வைத்திருக்கிறது.

உலகெங்கும் பரவியுள்ள ‘பாடி’ (PADI) என்ற ஸ்கூபா பயிற்சி அமைப்பின் மீட்பு முக்குளிப்புச் சான்றிதழைப் பெற, முக்குளிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கடந்த 24 மாதங்களுக்குள் முதலுதவியும், மார்பை அழுத்தி மூச்சு ஊதும் சிபிஆரும் பயின்றிருக்க வேண்டும். இரண்டு ஆண்டு கடந்த பயிற்சியை ஏற்பதில்லை. காரணம் எளியது: பழகாத கை மறந்துவிடும்.

அந்தப் பயிற்சியில் என்னை மிகவும் வியக்கவைக்கும் பகுதி ஒன்று உண்டு. நினைவிழந்த முக்குளிப்பாளரை நீர்மட்டத்துக்குக் கொண்டுவந்ததும் முகம் மேலே இருக்கும்படி திருப்பி, அவர் அணிந்த மிதவைச் சட்டையில் காற்றை நிரப்பி, இடுப்பு எடைகளைக் கழற்றி விடுகிறார்கள். வாய்க்குழலையும் முகக்கண்ணாடியையும் நீக்கி, தலையைச் சாய்த்து, மூச்சு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் இரண்டு மூச்சு ஊதுகிறார்கள். பிறகு கரையை நோக்கி இழுத்துக்கொண்டே ஐந்து நொடிக்கு ஒரு மூச்சு. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் இடைப்பட்ட சில நொடிகளில்தான் அவர் முதுகிலுள்ள சிலிண்டரின் பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க வேண்டும். எண்ணிக்கை தவறக்கூடாது, அவர் முகத்தில் நீர் ஏறக்கூடாது. நீருக்குள் மார்பை அழுத்திப் பயனில்லை. முதுகுக்குக் கீழே கெட்டியான தரை வேண்டும். ஊதும் மூச்சு ஒன்றுதான் அங்கே செய்யக்கூடியது. அதுவும் பயிற்சி பெற்றவருக்கு மட்டுமே. மற்றவர் முயன்றால் இருவரும் மூழ்கக்கூடும்.

மார்பை மட்டும் அழுத்தினால் போதும் என்று பலர் இப்போது கற்றிருக்கிறோம். மாரடைப்பால் திடீரென்று சரிந்து விழுந்தவருக்கு அது உதவும். அவர் இரத்தத்தில் ஆக்சிஜன் இன்னும் மிச்சமிருக்கும். மூழ்கியவரின் நிலைமை நேர்மாறு. முதலில் மூச்சு நிற்கிறது, ஆக்சிஜன் தீர்கிறது, அதனாலேயே இதயம் ஓய்கிறது. ஆக்சிஜனற்ற இரத்தத்தைச் சுற்றவிட்டு என்ன பயன்? எனவே கரைக்கு வந்ததும் மூச்சிலிருந்தே தொடங்க வேண்டும். ஐரோப்பிய வழிகாட்டுதல் ஐந்து மூச்சு என்கிறது, அமெரிக்க வழிகாட்டுதல் இரண்டு. அதன்பின் 30 அழுத்தம், 2 மூச்சு என்று மாறி மாறித் தொடர வேண்டும். பெரியவருக்கு மார்பு 5 முதல் 6 செ.மீ. வரை தாழ வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120.

நம் ஊர்களில் வயிற்றை அமுக்குவதும், காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றுவதும் இன்னும் நடக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிட வேண்டும். வயிற்றை அமுக்கினால் இரைப்பையில் உள்ளது மேலேறி மூச்சுக்குழாயில் இறங்கும். நுரையீரலுக்குள் போன நீரைப் பிழிந்து எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. தானாக வாந்தி வந்தால் ஒருபக்கமாகத் திருப்பி வாயைத் துடைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

சிபிஆர் வகுப்புகளில் பழகும் ‘அன்னி’ பொம்மையின் முகத்துக்கும் ஒரு கதை உண்டு. பாரிஸின் சேன் ஆற்றில் 19ஆம் நூற்றாண்டில் மூழ்கி இறந்த, பெயர் தெரியாத பெண்ணின் முகம் என்று சொல்லப்படும் ஒரு வார்ப்பிலிருந்து, 1960 வாக்கில் நார்வேயின் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்முண்ட் லேர்டால் அதை உருவாக்கினார்.

ஸ்கூபாவுக்கே உரிய ஆபத்தும் உண்டு. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்கு. அங்கே நெஞ்சு நிறைய இழுத்த காற்றை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் அது இருமடங்காக விரிந்து நுரையீரலைக் கிழிக்கும். குமிழிகள் மூளைக்கும் போகலாம். அதனால் முக்குளிப்புப் படகில் ஆக்சிஜன் சிலிண்டர் முதலுதவிப் பெட்டியைப் போலவே அவசியம்.

தலக்கோனாவின் மடுவருகே இந்த வசதிகளை எதிர்பார்க்க முடியாது. மூச்சு நின்று நான்கைந்து நிமிடத்தில் மூளை கெடத் தொடங்கும். காட்டுப் பாதையில் ஆம்புலன்ஸ் அதற்குள் வராது. கரையில் நிற்பவரின் மூச்சும் கையும்தான் உண்டு. உள்ளூர் நீச்சல்காரர்களுக்கு அரசு இந்த முதலுதவி, சிபிஆர் பயிற்சியை இரண்டு ஆண்டுக்கொருமுறை கொடுக்க வேண்டும். அருவிக்குப் போகும் கூட்டத்திலும் ஒருவராவது, மூச்சு ஊதுவதையும் சேர்த்து, முழு சிபிஆரைக் கற்றுக்கொண்டு போங்கள். மீட்கப்பட்டவர் எழுந்து உட்கார்ந்து பேசினாலும் 108ஐ அழைத்து மருத்துவமனைக்கு அனுப்புங்கள். நுரையீரல் சில மணி நேரம் கழித்தும் மோசமாகலாம்.